எங்கள் பெண் கல்லூரியை விட்டு நின்ற தேதிகள்

பெருமதிப்பிற்குரிய பெரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அங்கு தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் அதே போல் இருக்க வேண்டும் என்று எழுதத்தான் நினைத்தேன், அதே போல் வேண்டாம், எங்களைவிட நன்றாகவே இருங்கள். யாவரும் நலம் என்று எழுதியதில் என் இடது கால் சேராது. அது ஒரு மாதமாக மாவுக்கட்டில் கிடக்கிறது. பல்பு மாற்ற ஸ்டூல் மேல் ஏறினேன். ஏற வேண்டாம் என்று உங்கள் தங்கை சொன்னாள். அவள் சொன்னதால்தான் ஏறினேன். பல்பு இப்போது நன்றாக எரிகிறது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயத்துக்கு நேராக வருகிறேன் என்று மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்துவிட்டேன். நாலாவது தடவை இது. உங்கள் மருமகள், அதாவது எங்கள் பெண், கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய படிப்பு உதவித்தொகைக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். அவள் நின்றது உறுதியானால் வாங்கிய உதவித்தொகையில் பாதிக்கு மேல் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். நாங்கள் கட்டத் தவறினால் உங்கள் வாசலுக்கு வருவார்கள். கிடங்கில் சரக்கு வரவு எழுதுகிறவன் சம்பளத்தில் அதை எப்படிக் கட்டுவது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தக் கல்லூரிக்கு மட்டும் தெரியாது. இந்தச் செய்தி இதுவரை உங்கள் காதுக்கு எட்டியிருக்காது என்று நம்புகிறேன். வேறு யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்காரத்தான் முடிகிறது.

நடந்தது இதுதான். இரண்டு வாரத்துக்கு முன் கல்லூரியிலிருந்து ஒரு தபால். "தங்கள் மகள் தொடர்ந்து வகுப்புக்கு வரவில்லை. படிப்பைக் கைவிட்டிருந்தால் எந்தத் தேதியில் என்பதை உடனே எழுத்து மூலம் தெரிவிக்கவும்." எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆகிவிட்டது, ஒரு சத்தம் போட முடியவில்லை. ஏனென்றால் பெண் அடுத்த அறையில்தான் இருந்தாள். ஒரு மாதமாக வீட்டில்தான் இருக்கிறாள். கேட்டால் படிப்பு விடுமுறை என்றாள். கட்டட வரைபடம் படிக்கிற பிள்ளைகளுக்கு இவ்வளவு விடுமுறையா, கொடுத்துவைத்த கல்லூரி என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் தங்கை காலை ஏழு மணிக்கு மருந்துக்கடைக்குப் போனால் இருட்டின பிறகுதான் திரும்புவாள். அதுவரை பெண்தான் எனக்கு டீ போட்டுக் கொடுக்கிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், தோளைக் கொடுத்துக் குளியலறை வரைக்கும் கூட்டிப்போகிறாள், பேப்பர் படித்துக் காட்டுகிறாள். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டே இவ்வளவு பெரிய விஷயத்தை மறைக்க ஒரு பிள்ளைக்கு எப்படி மனசு வருகிறது, நீங்களே சொல்லுங்கள்.

அவளிடமே கேட்டிருக்கலாம்தான். உண்மையைச் சொல்கிறேன், பயம். கேட்டு, அவள் பாட்டுக்கு ஏதாவது ஒரு பையன் பெயரைச் சொல்லிவிட்டால்? எல்லாப் பாடத்திலும் தோற்றுவிட்டேன் என்று சொல்லிவிட்டால்? தெரியாத வரைக்கும் அது நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் தங்கைக்கும் சொல்லவில்லை. தபாலை மடித்து மாவுக்கட்டுக்குள்ளேயே சொருகி வைத்தேன். வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று பெண்ணிடம் சொல்லிவிட்டு எங்கள் கிடங்கு லாரி ஓட்டுநரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். அவன் எனக்குக் கடமைப்பட்டவன். சரக்கு தாமதமாக வந்தால் ஓட்டுநருக்கு அபராதம். அதனால் நான் முந்தின நாள் தேதி போட்டு வரவு வைத்துவிடுவேன். முப்பது வருஷமாக இப்படித்தான். தேதி என்பது ஒருத்தரும் அடிபடாமல் பார்த்துப் போடுகிற விஷயம் என்பது என் அபிப்பிராயம். இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இந்த அபிப்பிராயம்தான் என்னைக் குழியில் தள்ளியது.

கட்டணப் பிரிவு ஜன்னலில் ஒரு கண்ணாடிக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பார். மகள் நின்றுவிட்டால் கட்டின பணம் திரும்ப வருமா என்று கேட்டேன். "என்னிக்கு நின்னாங்கன்னு பொறுத்தது சார். பருவம் நூறு நாள். முப்பது நாளைக்குள்ள நின்னா கட்டணத்துல பாதி திரும்ப வரும். முப்பத்தொண்ணாவது நாள்னா ஒண்ணும் கிடையாது" என்றார். எனக்கு எத்தனையாவது நாள் என்று எங்கே தெரியும். காலைக் கட்டிப் போட்டுவிட்டால் திங்களும் ஒன்றுதான் வெள்ளியும் ஒன்றுதான். கிடங்குப் பழக்கம் கைக்கு வந்துவிட்டது. இருபத்தெட்டாவது நாள் என்று மனு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு, பாதிக் கட்டணத்தை மீட்ட வீரனாக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

நாலு நாள் கழித்து மனு என்னவாயிற்று என்று பார்க்கப் போனேன். அப்போதுதான் தெரிந்தது, கட்டணத்துக்கு ஒரு ஜன்னல், உதவித்தொகைக்கு ஒரு ஜன்னல், ஆனால் உள்ளே ஒரே அறை. கண்ணாடிக்காரரும் உதவித்தொகை அம்மாவும் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஸ்டேப்ளர். அந்த அம்மாவுக்குக் கோப்புத் தூசி ஒத்துக்கொள்ளாது, ஒவ்வொரு தாளுக்கும் ஒரு தும்மல். என் பெண்ணின் சேர்க்கை எண்ணைக் கண்ணாடிக்காரர் உரக்கப் படித்ததும் அந்த அம்மா தும்மலைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"இந்தப் பொண்ணா? இவங்கம்மா செவ்வாக்கிழமை வந்தாங்களே. அறுபத்தொண்ணாவது நாள்தான் நின்னான்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

செவ்வாய்க்கிழமை உங்கள் தங்கை கடையில் கூட வேலை செய்கிறவளின் கல்யாணத்துக்குப் போகிறேன் என்று சொல்லி நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள்.

அறுபத்தொன்று எதற்கு என்று கேட்டேன். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். உதவித்தொகை நாளுக்கு நாள்தான் நமக்குச் சொந்தமாகுமாம். நாற்பதாவது நாள் நின்றால் நூற்றில் நாற்பது பங்கு நம்முடையது, மீதி அறுபதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அறுபது நாளைத் தாண்டிவிட்டால் முழுசும் நமக்கு, ஒரு காசு திருப்ப வேண்டாம். ஆகக்கூடி ஒரு ஜன்னலுக்குப் பெண் சீக்கிரம் நின்றிருக்க வேண்டும், இன்னொரு ஜன்னலுக்குத் தாமதமாக நின்றிருக்க வேண்டும். நானும் உங்கள் தங்கையும் ஆளுக்கொரு ஜன்னலில் போய் ஒரே பெண்ணை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்திருக்கிறோம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. கண்ணாடிக்காரர் என் மனுவையும் உங்கள் தங்கை மனுவையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தார். இருபது வருஷக் குடித்தனத்தில் எங்கள் இரண்டு பேரையும் யாரும் அவ்வளவு இறுக்கமாகச் சேர்த்துவைத்ததில்லை.

கோப்பு கண்காணிப்பாளரிடம் போயிற்று. அவர் வயதானவர், சத்தம் போட்டுப் பேசாதவர், அதனால் இன்னும் பயமாக இருந்தது. "இருபத்தெட்டாம் நாள் நின்ன பொண்ணு எப்படி சார் மறுபடி அறுபத்தொண்ணாம் நாள் நிக்கும்?" என்று கேட்டார். "நாளைக்குப் பத்து மணிக்குப் பொண்ணையே கூட்டிட்டு வாங்க. நின்னவங்க சொல்லட்டும் என்னிக்கு நின்னாங்கன்னு."

வீட்டுக்கு வந்தேன். உங்கள் தங்கை கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் வரை காத்திருந்தேன். "கல்யாணச் சாப்பாடு நல்லா இருந்துச்சா?" என்றேன். அவள் என் ஊன்றுகோலில் ஒட்டியிருந்த கல்லூரி வாசல் சிவப்பு மண்ணைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரியில தரையெல்லாம் மண்ணாக்கும்?" என்றாள். அவளுக்கும் அதே தபால் கதைதான், என் கட்டைத் துடைக்கும்போது எடுத்துப் படித்துவிட்டு மறுபடி சொருகியிருக்கிறாள். அவளும் பெண்ணைக் கேட்கவில்லை. "கேட்டா அழுதுடுவான்னு நெனச்சேன்" என்றாள். "யாரு, அவளா?" "நான்" என்றாள். அந்த நேரம் பார்த்துப் பெண் டீயோடு உள்ளே வந்தாள். இரண்டு பேரும் பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாளைக்குக் கல்லூரி அலுவலகத்தில் ஒரு சின்ன வேலை, நீயும் வரணும் என்றேன். "சரிப்பா" என்றாள், வேறொன்றும் கேட்கவில்லை.

ஆகவே மைத்துனர் அவர்களே, நாளை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. அலுத்துவிட்டது. பணம் போகட்டும், அவள் படிப்பு போகிறதே என்பதுதான் கவலை. பணத்துக்கு நாள் கணக்கு இருக்கிறது, இதற்கு அதுவும் இல்லை. உங்களுக்குக் கல்லூரியிலிருந்து ஏதாவது தபால் வந்தால் பதற வேண்டாம். என் தலையை அடகு வைத்தாவது உங்கள் கையெழுத்தைக் காப்பாற்றுவேன். நம்பிக் கையெழுத்துப் போட்ட ஒரே உறவுக்காரர் நீங்கள். அந்த நம்பிக்கைக்கு இப்படி ஆயிற்றே என்று உங்கள் முகத்தில் விழிக்கவே கூசுகிறது. பெரிய மனசு பண்ணி மன்னிக்க வேண்டும்.

சின்னவர்களுக்கு என் ஆசிகள், பெரியவர்களுக்கு வணக்கம், நடுவில் இருக்கிறவர்களுக்கு எது தோதோ அது.

இப்படிக்கு,
கால் ஒடிந்த நிலையிலும் தங்கள் மேல் மதிப்பு ஒடியாத,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. தபால் பெட்டி வரை நடக்க முடியாததால் அனுப்பவில்லை. இது இன்று மாலை.

மூன்று பேருமாகப் போனோம். கண்காணிப்பாளர் பெண்ணை உட்காரச் சொல்லி, "என்னிக்கும்மா நின்ன?" என்று கேட்டார். அவள் விழித்தாள். "நான் எங்க சார் நின்னேன்? வரலை, அவ்வளவுதான். நாப்பத்தி நாலாவது நாள்லேர்ந்து வரலை. அன்னிக்குதான் அப்பா ஸ்டூல்லேர்ந்து விழுந்தாரு. அம்மா லீவு போட்டா சம்பளம் போயிடும். பகல்ல அவரைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆள் வேணுமில்ல. உண்மையைச் சொன்னா, நீ போடி காலேஜுக்குன்னு ஒத்தக்கால்ல எழுந்திருச்சு இன்னொரு தடவை விழுவாரு. அதான் படிப்பு விடுமுறைன்னு சொன்னேன். வகுப்பு டீச்சர்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். எழுதிக் குடுக்கணும்னு எனக்குத் தெரியாது."

தும்மல் அம்மா தும்மவில்லை. கண்ணாடிக்காரர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு கோப்பைப் பார்த்தார். நான் பார்க்க ஒரு இடமும் அகப்படாமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று எழுதினேனே, எப்படி மனசு வருகிறது என்று, அந்த வரியை அடித்துப் படித்துக்கொள்ளவும். உங்கள் தங்கை அழுதாள். நானும்தான்.

நிற்காத பெண்ணுக்குத் திருப்பிக் கட்டுவதும் இல்லை, திரும்ப வருவதும் இல்லையாம். டாக்டர் சான்றிதழோடு விடுப்புக் கேட்டால் ஆறு வாரம் வரை கொடுப்பார்களாம், அதற்குள் வகுப்புக்குத் திரும்பிவிட்டால் உதவித்தொகையில் ஒருவரும் கை வைக்க முடியாதாம். எங்களுக்கு இன்னும் பத்து நாள் மிச்சம் இருக்கிறது. திங்கட்கிழமை அவள் போகிறாள். கட்டுப் பிரிக்கும் வரை பகலில் லாரி ஓட்டுநர் என்னைக் கிடங்கில் கொண்டுபோய் உட்காரவைப்பான். ஆகவே நான் கேட்ட மன்னிப்பு தேவைப்படாது, திருப்பி அனுப்பிவிடவும்.

புறப்படும்போது கண்காணிப்பாளர் கோப்பிலிருந்து இன்னொரு மனுவை எடுத்துக் காட்டினார். எனக்குத் தபால் வந்த அன்றே ஜாமீன்தாரருக்கும் ஒன்று போயிற்றாம். அவரிடமிருந்து மூன்றாம் நாளே பதில் வந்துவிட்டதாம். "மேற்படி மாணவி முதல் நாளே கல்லூரிக்கு வராமல் நின்றுவிட்டாள் என்று அறிகிறேன். ஆகவே என் ஜாமீன் செல்லாது." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், முழு மருமகளை மறைத்ததை இன்றுதான் பார்த்தேன். கையெழுத்து மட்டும் அழகாகவே இருந்தது.

அந்த ஜன்னல் கணக்குப்படி முதல் நாளே நின்றிருந்தால் ஒரு பங்குகூட நம்முடையது ஆகாது. முழுத் தொகையையும் திருப்ப வேண்டும், நாங்கள் கட்டாவிட்டால் நீங்கள்தான். "எது சௌகரியமோ சொல்லுங்க சார், ஜாமீன்தாரர் வற்புறுத்தினா அந்தத் தேதியையும் விசாரிக்கலாம்" என்றார் கண்காணிப்பாளர். நான் யோசிக்கத்தான் செய்தேன். பெண் என் சட்டைக் கையைப் பிடித்து, "மாமா பாவம்ப்பா, விடுங்க" என்றாள். விட்டுவிட்டேன்.