தழைக்கொத்து மாமாவும் எரிந்த லைனும்

குரங்கணி மலையில் தழைக்கொத்து மாமாவின் அனுமதி இல்லாமல் எரிந்தது சூரியன் ஒன்றுதான். கோடையில் அதையும் அவர் சும்மா விட்டதில்லை. உச்சிவேளையில் அண்ணாந்து பார்த்து, "போதும்டா, எறங்கு" என்பார்.

எங்கள் ஏலத்தோட்டத்துக்கு அவர்தான் தீக்காவல். தோட்டம் மேலே, நிழலும் ஈரமுமாக இருக்கும். கீழே சரிவு முழுக்க ஆளுயரப் புல். மாசி பிறந்தால் எல்லாம் சருகு. ஒரு பீடித்துண்டு போதும், மலையே பற்றிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் பச்சைத் தழையைக் கொத்தாக ஒடித்து அடித்துத்தான் தீயை அணைப்போம். மற்றவர்கள் தீயைப் பார்த்த பிறகு தழை ஒடிப்பார்கள். மாமா பல் விளக்குவதற்கு முன்பே ஒடித்துத் தோளில் சாய்த்துக்கொள்வார். போடிச் சந்தைக்கும் அதோடுதான் போவார்.

சந்தையில் ஒரு தடவை சிலமலை ஊர்க்கார அம்மா ஒருத்தி, தழையைப் பார்த்துவிட்டு இவர் பேயோட்டுகிறவர் என்று நினைத்து, மகளைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்திவிட்டாள்.

"சாமி, மூணு மாசமா இவகிட்ட பேச்சே இல்ல. என்னன்னு பாருங்க."

மாமா அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். "பீடி குடிக்குமா?"

"அய்யோ, இல்லைங்க சாமி."

"தீப்பெட்டி கீப்பெட்டி மடியில வச்சிருக்கா?"

"இல்லைங்க."

"அப்பத் தங்கமான புள்ள. கூட்டிட்டுப் போத்தா."

அந்தப் பெண் சிரித்துவிட்டது. மூன்று மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. அடுத்த சந்தைக்கு மாமா போனபோது நாலு குடும்பம் பேய் பிடித்தவர்களோடு காத்திருந்தது.

மாமாவின் கழுத்தில் ஒரு தகர டப்பா தொங்கும். யார் தீக்குச்சி கிழித்தாலும் சரி, எரிந்த குச்சியை இரண்டாக ஒடித்து, எச்சில் தொட்டு, அந்த டப்பாவில் போட வேண்டும். என் கலியாணத்தில் பூசாரி கற்பூரம் ஏற்றிய கை கீழே இறங்குவதற்குள் டப்பா நீண்டது.

"மாமா, மொதல்ல எங்கள ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"மொதல்ல குச்சி."

தை மாதப் பனியில் புல்நுனி ஈரமாக இருக்கும்போதே, மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிட்டால் கோடையில் தீ வந்தாலும் அதற்குத் தின்ன ஒன்றும் இருக்காது. மாமாவின் அப்பன் பாட்டன் காலத்து முறை அது. புதிதாக வந்த ரேஞ்சர் அதை ஒரே வார்த்தையில் நிறுத்தினார். "காட்டுல நெருப்பு வச்சா கேசு." அன்றிலிருந்து மாமா ரேஞ்சரோடு பேசுவதில்லை. அவர் இவரோடு பேசுவதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஜீப்பு டிரைவர் அண்ணன்தான் வாய்.

அடுத்த வருடத் தையில் ரேஞ்சரின் ஆட்கள் வந்து, எங்கள் வீடுகளுக்கு மேலே மலையைச் சுற்றி அகலமாகப் புல்லை வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். ரோடு வரப்போகிறது, ஜீப்பு வாசலுக்கே வரும் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். நாங்கள் குடியிருந்தது ஒரே வரிசையில் கட்டிய புல்வேய்ந்த வீடுகள். அதற்குத் தோட்டத்தில் லைன் என்று பேர். அதை இடித்து ஓட்டு வீடு கட்டித் தருவார்கள் என்றும் ஒரு பேச்சு அப்போது அடிபட்டது.

ஒரு சாயந்தரம் டிரைவர் அண்ணன் வந்தார். "மாமா, ரேஞ்சரய்யா சொல்லிவிட்டாரு. நாளைக்குக் காலையில லைன எரிக்கப் போறாகளாம். ஆளுகளத் தயாரா இருக்கச் சொன்னாரு."

"எந்த லைன?"

"முழுசாத்தேன்."

விடிவதற்குள் லைன் காலி. பானை, சட்டி, கோழிக்கூடை, ஆட்டுக்கல் எல்லாம் வெளியே. நான் எட்டு மாதம். என்னைக் கட்டிலோடு தூக்கினார்கள். கட்டில் காலில் ஆட்டையும் கட்டிவிட்டார்கள். ரேஞ்சர் ஜீப்பை விட்டு இறங்கி எங்களைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"என்னய்யா இது, திருவிழாவா?"

மாமா ஒரு வருட மௌனத்தை அன்றுதான் முறித்தார். "எரிங்க."

"எதை?"

"லைன."

ரேஞ்சர் புல் வெட்டிய இடத்தைக் கைகாட்டினார். "அந்த லைன்யா. தீ தாண்டி வராம இருக்க வெட்டுன லைன். வெட்டுன புல்ல எரிக்க ஆள் கேட்டேன்."

யாரோ ஒருத்தர் சிரித்தார். பிறகு மலையே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"தெரியும். இது ஒத்திகை" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமைதோறும் டப்பாவைத் தட்டிக்கொண்டு வந்துவிடுவார். அன்றே புல்லை எரித்துவிட்ட அந்த லைன் இப்போது கரியேறிய வெறுந்தரை. எல்லோரும் அங்கே போய் உட்கார வேண்டும். "மொதல்ல புள்ளைக. அடுத்து முழுகாம இருக்கறவுக. அப்புறம் ஆடு. கடைசியா ஆம்பளைக."

"ஏன் மாமா, ஆட்டுக்குப் பெறகுதேன் நாங்களா?"

"ஆடு பீடி குடிக்காது மாப்ளே."

அவரை நாங்கள் திட்டாத திட்டு இல்லை. நான் கட்டிலில் படுத்தபடியே திட்டினேன்.

பங்குனியில் ஒரு நாள் உச்சிவேளை. என் மகள் பிறந்து ஒன்பதாம் நாள். டப்பா சத்தம் கேட்டது. "இன்னைக்குப் புதங்கெழம, இவருக்குக் கிறுக்கு முத்திப்போச்சு" என்றார் என் வீட்டுக்காரர். அப்புறம்தான் புகை மூக்கில் ஏறியது.

யாரும் யாரையும் கேட்கவில்லை. பிள்ளைகள், நான், ஆடு, ஆம்பிளைகள். கால்களுக்கு வழி மனப்பாடம். கரித்தரையில் போய் உட்கார்ந்தபோது கீழே சரிவு முழுக்கச் சிவப்பு. மாமா நனைத்த சாக்கை என் பிள்ளையின் மேல் கூடாரமாகப் பிடித்துக்கொண்டார். ஆண்கள் ஓரத்தில் நின்று, பறந்து வந்த பொறியைத் தழையால் அடித்தார்கள். எங்கள் கூரைகள் ஒவ்வொன்றாகப் பற்றின. வெட்டிய லைன் வரைக்கும் தீ வந்தது. தின்ன ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டது. மாமா தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். ஒரு தலை குறையவில்லை.

பொழுது சாய ரேஞ்சர் ஓடிவந்தார். வீடு இருந்த இடத்தில் ஆட்டுக்கல்தான் நின்றது.

"அய்யா சொன்னபடி லைன எரிச்சாச்சு. ரெண்டு மாசம் லேட்டு" என்றார் மாமா.

ரேஞ்சர் தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் கரியில் உட்கார்ந்தார். அடுத்த தையில் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். ரேஞ்சர் லைன் வெட்டினார். மாமா பனியில் புல் எரித்தார். டிரைவர் அண்ணனுக்குப் பேசும் வேலை போயிற்று.

போன மாசியில் மாமா போய்விட்டார். எத்தனை வருடப் புகையோ, நெஞ்சு தாங்கவில்லை. "கோடையில செத்தா என்னிய எரிச்சுப்புடாதீக" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஆனால் அவர் வகையறாவில் எரிப்பதுதான் வழக்கம். ஆண்கள் வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் சுடுகாட்டில் சிதை அடுக்கும் இடத்தைச் சுற்றிப் புல்லை வெட்டி லைன் போட்டார்கள்.

பெண்கள் அங்கே போகக்கூடாது. நான் ஒரு கொத்துத் தழை ஒடித்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். மாமாவுக்குப் பிள்ளை இல்லாததால் கொள்ளி அவர்தான் வைத்தார். சாம்பல் ஆறும் வரை ஒருத்தரும் நகரவில்லையாம். குளித்துவிட்டு வீட்டுக்கு வந்து என் முன்னால் கையை விரித்தார். எரிந்த தீக்குச்சி ஒன்று, இரண்டாக ஒடித்தது.

"எச்சித் தொட்டீகளா?" என்றேன்.

"ஈரமாத்தேன் இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆணியில் தொங்கிய மாமாவின் டப்பாவை எடுத்து நீட்டினேன்.