காற்றுக்கு முட்டுக் கொடுத்தவன்

விக்ரோலியில் டிரங்குப் பெட்டித் தொழிற்சாலை கட்டியவன் நான். திலக் நகரில் மாடி வீடு எழுப்பியவன் நான். யுத்த காலத்தில் பம்பாயே தகரத்துக்கு நாயாய் அலைந்தபோது, தாராவியில் ஒரு கரி அடுப்பையும் ஒரு கத்தரியையும் வைத்துக்கொண்டு பட்டறை போட்டவனும் நான்தான். படிப்பு மூன்றாம் வகுப்பு. (அதிலும் முக்கால்வாசி நாள் வகுப்புக்கு வெளியேதான் நிறுத்தி வைத்திருந்தார்கள்.) இப்பேர்ப்பட்ட என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊர் பார்க்க, வெறும் காற்று மண்ணைக் கவ்வ வைத்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

மாட்டுங்காவில் வைத்தி சார் என்று ஓர் ஆபீஸ் குமாஸ்தா இருந்தார். பாலக்காட்டுக்காரர், இருபத்திரண்டு வயது, ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. ஞாயிறுதோறும் தாராவிக்கு வந்து, மீரான் முதலாளி தோல் பதனிடும் தோல்ஷாப் முற்றத்தில் எங்களுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பார். மாணவர்களில் பத்து வயதுப் பொடியன்களும் உண்டு, அறுபது வயது பேச்சிமுத்துப் பெரியவரும் உண்டு. சார் புத்தகத்தைத் தொடவே மாட்டார். எலுமிச்சம்பழச் சாற்றால் எழுதிய வெள்ளைக் காகிதத்தை நெருப்பில் காட்டி எழுத்தை வரவழைத்தார். பேச்சிமுத்து அதைச் செய்வினை என்று முடிவுகட்டி, இரண்டு வாரம் எலுமிச்சை ஊறுகாயையே தொடவில்லை. அடுத்த வாரம் முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

இப்படி இருக்கும்போது, தோல்ஷாப்பில் கூட்டம் கூடுகிறது என்று யாரோ மனுப் போட்டுவிட்டார்கள். யுத்த காலம், கேட்க வேண்டுமா? கல்வி அதிகாரி ஒருவர் நேரில் வருவதாகத் தகவல் வந்தது. இங்கே நடப்பது படிப்புதான் என்று அவர் எழுதினால் வகுப்பு இருக்கும். இல்லாவிட்டால் பூட்டு.

வைத்தி சார் என் பட்டறைக்கு வந்தார். (அவர் ஊரில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர்.)

"சுடலைமுத்து, முறுக்கு மூடி வெச்ச ஒரு டின் வேணும். உள்ள துளி வெள்ளம் விட்டுக் கொதிக்க வெச்சா, ஆவி காத்தை வெளியில தள்ளிடும். இறக்கி, மூடியை இறுக்கிட்டு, பச்சை வெள்ளத்தை மேல ஊத்துவேன். வெளியில இருக்கற காத்து டின்னை அப்படியே நசுக்கிடும். கண்ணால பார்த்தா அதிகாரி மறக்க மாட்டார்."

"நசுக்கிருமா? யாரு செஞ்ச டின்ன?"

"நீங்க செய்யற டின்னைத்தான்."

எனக்கு ரத்தம் கொதித்தது. நான் அடித்த டின்னைக் காற்று நசுக்குவதா? அதையும் அதிகாரி முன்னாலா? அவர் போனதும் வேலையைத் தொடங்கினேன். ரெட்டைத் தகடு போட்டேன். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரும்புப் பட்டையால் முட்டுக் கொடுத்தேன். மேலே ஏறிக் குதித்துப் பார்த்தேன். கால்தான் வலித்தது.

அதிகாரி வந்தார். மராத்திக்காரர், மடிப்புக் கலையாத வெள்ளை உடுப்பு. முற்றத்தில் நாறும் ஈரத்தோல் குவியலுக்குப் பக்கத்தில் அவருக்கு நாற்காலி போட்டிருந்தோம். வைத்தி சார் டின்னைக் கொதிக்க வைத்தார், இறக்கினார், மூடினார், குளிர்ந்த நீரை ஊற்றினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

டின் அசையவில்லை.

இன்னொரு குடம் ஊற்றினார். அசையவில்லை. வைத்தி சாரின் முகம் சுண்ணாம்புத் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. அதிகாரி குறிப்பேட்டை மூடினார்.

நான் எழுந்து நின்று, "காத்தாவது, என் டின்ன நசுக்கதாவது!" என்று மீசையை முறுக்கினேன். (மீசை அப்போது முறுக்குகிற அளவுக்கு வளரவில்லை. முயன்றேன்.)

வைத்தி சார் மெதுவாகக் கேட்டார். "உள்ள என்னத்தைப் பண்ணி வெச்சிருக்கேள்?"

"முட்டுக் கொடுத்திருக்கேன் சார்."

"என்னத்துக்கு?"

"காத்து நசுக்கும்னு நீங்கதானே சொன்னிய?"

அதை அவர் இந்தியில் சொன்னதும் அதிகாரி சிரித்துவிட்டார். "தூஸ்ரா டின் லாவ்," என்றார். வேறு டின் கொண்டு வரச் சொல்கிறார்.

அங்கேதான் மீரான் முதலாளி எழுந்தார். "நம்ம எண்ணெய் டிரம்மு இருக்குல்லா? போன மாசம் சுடலை அடிச்சது. ரெட்டைத் தகடு! கழுவிப் போடுங்க. அதையும் காத்து நசுக்கிட்டா நானும் விஞ்ஞானத்தை ஒத்துக்கிடுதேன்."

நான் பாய்ந்து குறுக்கே நின்றேன். "முதலாளி, அது வேண்டாம். எண்ணெய் வாடை..."

"நீ இருவே."

இடுப்புயர டிரம். மேலே சிவப்பு மையில் என் பெயர். கொஞ்சம் தண்ணீர் விட்டு தோல்ஷாப்பின் பெரிய அடுப்பில் ஏற்றினார்கள், இறக்கினார்கள், மூடியை முறுக்கினார்கள். நாலு பேர் சேர்ந்து தண்ணீர் கொட்டினார்கள். முதலில் என் பெயரில் 'சு' உள்ளே போனது. அப்புறம் 'டலை'. அப்புறம் டமார்!

"குண்டு போட்டுட்டாம்லே!" என்று பேச்சிமுத்து குப்புற விழுந்தார். அவரைப் பார்த்து வகுப்பே குப்புற விழுந்தது. அதிகாரி பின்னால் துள்ள, நாற்காலி சாய, ஈரத்தோல் குவியலில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

நசுங்கிய டிரம்மின் கிழிந்த ஓரத்தை மீரான் முதலாளி விரலால் தடவினார்.

"சுடலை, ரெட்டைத் தகடுன்னியே. இன்னொரு தகடு எங்கவே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்ல நினைத்தேன். வாய் ஒத்துழைக்கவில்லை.

"சின்ன டின்னுல இருக்கு, முதலாளி."

அதிகாரி தோல்மேல் உட்கார்ந்தபடியே, டிரம் ஏன் நசுங்கியது என்று கேட்டார். வைத்தி சார் அதைத் தமிழில் சொன்னதும், தரையிலிருந்து பேச்சிமுத்து பதில் சொன்னார்: "உள்ள காத்து இல்ல, வெளிய காத்து இருக்கு. சுடலையான் முட்டும் கொடுக்கல. நசுங்காம என்ன செய்யும்?"

வகுப்பு பிழைத்தது. ஆனால் இந்த இடத்தில் வேண்டாம் என்று அதிகாரி கண்டிப்பாக எழுதி, ஒரு பள்ளிக்கூடத்தில் அறையே ஒதுக்கிவிட்டார். (திரும்பும்போது ரயிலில் அவருக்கு ஒரு பெஞ்சு முழுக்கக் கிடைத்ததாம்.) நான் மீரான் முதலாளிக்கு வேறு டிரம் அடித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு ஆணியையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

இன்றைக்கும் வீட்டில் நான் ஒரு விஷயத்துக்கு விடாமல் சப்பைக்கட்டு கட்டினால் என் மனைவி, "ஆரம்பிச்சாச்சு, காத்துக்கு முட்டுக் குடுக்க," என்பாள். பேரன்பேத்திகள் உடனே குப்புற விழுவார்கள்.

அது போகட்டும். அந்தப் பள்ளி அறை வாசலில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். வைத்தி சார் பெயர் இருக்கிறது. அதிகாரி பெயர் இருக்கிறது. இடம் கொடுத்தவர் என்று மீரான் முதலாளி பெயரும் இருக்கிறது. டிரம்மில் ஒரு தகடு குறைத்து, அதிகாரியைத் தோலில் உட்கார வைத்து, அந்த அறையையே வாங்கிக் கொடுத்தவன் பெயர் எங்கே? உடனே சேர்க்க வேண்டும். கல்லில் இடம் இல்லை என்றால் தகரத்தில் நானே பலகை அடித்துத் தருகிறேன். இந்தத் தடவை சத்தியமாக ரெட்டைத் தகடு.