அத்தை வீட்டு லாரிக்கு நான் எஞ்சின் மாற்றிய கதை

பெண் கேட்டுப் போகிற இளைஞன் வெற்றிலை பாக்கு கொண்டு போகலாம். பழம் கொண்டு போகலாம். வாய் நீளமான ஒரு சித்தப்பாவைக்கூடக் கூட்டிக்கொண்டு போகலாம். ஸ்பேனர் மட்டும் கொண்டு போகக் கூடாது. நான் கொண்டு போனேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மலாய் நாட்டில், கெடாவின் பீடோங் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆலையில் எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிற வேலை. எண்ணெய் விடுவது, வார் கழன்றால் மாட்டுவது, துரை வந்தால் எதையாவது எடுத்துத் துடைப்பது. (கடைசி வேலையில்தான் எனக்கு நல்ல பெயர்.) ஆனால் வெளியில் யார் கேட்டாலும் 'ஃபிட்டர்' என்றுதான் சொல்லிக்கொள்வேன்.

செமிலிங்கிலிருந்து செங்கமலம் என்ற விதவை அம்மாள் எங்கள் லயங்களுக்குக் கருவாடு விற்க வருவார். கூடவே மகள் பாக்கியமும் வருவாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தினமும் கருவாட்டுக் குழம்புதான். "ஏன்டா, நீ பூனையா பொறந்திருக்க வேண்டியவனா?" என்று என் அம்மாவே கேட்டுவிட்டார். நான் யாருடைய அனுமதியும் இல்லாமல் செங்கமலம் அம்மாளை 'அத்தை' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். அவர் விடாமல் 'தம்பி' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் வீட்டுப் பக்கத்தில் ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகை. அதற்குள் ஒரு பழைய அமெரிக்க லாரி. பாக்கியத்தின் அண்ணன் முத்தையாவுடையது. சண்டைக்கு முன்னால் அதில்தான் அவர் தஞ்சோங் டாவாயிலிருந்து மீன் ஏற்றி வந்து ஊர் ஊராகக் கொடுப்பாராம். ஜப்பான்காரன் லாரியைக் கேட்பான் என்று தெரிந்ததும் கார்புரேட்டரையும் இன்னும் இரண்டொரு சாமான்களையும் கழற்றி எங்கோ புதைத்துவிட்டார். வந்தவர்கள் தள்ளிப் பார்த்தார்கள், உதைத்துப் பார்த்தார்கள், லாரி அசையவில்லை. அதை விட்டுவிட்டு முத்தையாவைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். லாரி தப்பித்தது. ஆள் திரும்பவில்லை. சாமான் புதைத்த இடம் அவரோடு போய்விட்டது.

இப்போது அவசரகாலம். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, சடக்கோரம் (ரோட்டோரம்) சிதறிக் கிடந்த வீடுகளையெல்லாம் பிரித்துக் கம்பி வேலிக்குள் கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் வந்துவிட வேண்டும், வெளியில் விட்டுவந்த எதற்கும் யாரும் பொறுப்பில்லை என்று அத்தைக்கும் உத்தரவு வந்தது. லாரியை மாடு கட்டி இழுத்து வரலாம் என்றார் ஒருவர்.

"இழுத்துக்கிட்டு வர்றதுக்கு அது என்ன செத்த மாடா?" என்றார் அத்தை. "அது தானா ஓடித்தான் உள்ள வரணும்."

எனக்கு அது அசரீரி போலக் கேட்டது. "அத்தை, நான் ஃபிட்டர்தானே?" என்றேன். கதவுக்குப் பின்னால் பாக்கியம் இருமினாள். (இருமல் இல்லை, சிரிப்பு என்று கல்யாணத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டாள்.)

சாமான் தேடிப் புறப்பட்டேன். அலோர் ஸ்டாரில் ஒரு கடைக்காரர் லாரியின் வயதைக் கேட்டுவிட்டு, அதற்கு வைக்கோல் போட்டுப் பார்க்கச் சொன்னார். கோலா கெடாவில் ஒரு மீன்படகில் அதே மாதிரி லாரி எஞ்சினை வைத்து ஓட்டிக்கொண்டிருந்த மலாய்க்காரர், உபரியாக வைத்திருந்த கார்புரேட்டரைக் கொடுத்தார். எவ்வளவு கழுவியும் அதில் கெளுத்தி மீன் வாடை போகவில்லை. அதை ஓர் அரிசிச் சாக்கில் போட்டு, கிரீஸை ஒரு பால் டின்னில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அரிசிக்கும் பால் டின்னுக்கும்தான் வழியெல்லாம் சோதனை என்ற விஷயம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கல்யாண ஆசை பிடித்தவன் மூளை வேறு இடத்தில் இருக்கும்.

தடுப்பில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் வெயிலில் இறக்கினார்கள். பெரிய மீசை வைத்த ஒரு மாத்தா, அதாவது போலீஸ்காரர், என் டின்னைத் தூக்கிக் காட்டி, "சூசு கா?" என்றார். பால் இல்லை துவான், கிரீஸ் என்றேன். எல்லாரும் அப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் போலிருக்கிறது. மூடியைத் திறந்தார். விரலை விட்டார். நான் "துவான், துவான்" என்று கத்துவதற்குள் நாக்கில் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு என் சாக்கு, சட்டை, செருப்பு எல்லாவற்றையும் பார்த்தார்கள். என்னோடு வந்த பாவத்துக்கு மற்றவர்களையும் பார்த்தார்கள். பஸ்ஸில் ஏறும்போது ஒரு கிழவர், "ஏன் தம்பி, ஒலகத்துல ஒனக்கு வேற டின்னே கெடைக்கலியா லா?" என்றார்.

எஞ்சினைக் கழற்றி, தோட்டத்து லாரிக்காரரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, சுங்கை பட்டாணியில் ஒரு சீனர் லேத்துப் பட்டறையில் இறக்கினேன். பட்டறை முதலாளியான தவுக்கே சிலிண்டருக்குள் விளக்கை விட்டுப் பார்த்தார். விரலால் தடவினார். துரு உள்ளே ஆழமாகத் தின்றிருக்கிறது, இதைக் குடைந்தால் தண்ணீர் ஓடுகிற பக்கம் ஓட்டை விழும் என்றார். காப்பாற்ற முடியாதா என்று கேட்டேன். முடியும், உள்ளே புதுக் குழாய் அடித்து இறக்கலாம், ஆனால் அது பினாங்கிலிருந்து வர வேண்டும், சீனப் பெருநாள் வேறு வருகிறது, இரண்டு மாதம் ஆகும் என்றார்.

இரண்டு மாதம்! அதற்குள் செமிலிங்கில் கொட்டகையே இருக்காது.

தவுக்கே மூலையில் எதையோ மூடியிருந்த ஒரு சாக்கைத் தூக்கிக் காட்டினார். அதே சாதி எஞ்சின். சிலிண்டர் குடைந்து, புதுப் பிஸ்டன் போட்டு, பேரிங்குக்கு வெள்ளை ஈயம் வார்த்து, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. செய்யச் சொன்னவர் திரும்பி வரவே இல்லையாம்.

"துக்கார் லா," என்றார் தவுக்கே. மாற்றிக்கொள் என்று அர்த்தம். எனக்கு அந்த 'லா'வில் நாதஸ்வரம் கேட்டது. பழையதை அங்கேயே கொடுத்தேன், புதியதை ஏற்றிக்கொண்டு வந்தேன். அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. லாரி ஓட வேண்டும் என்றார். ஓடப்போகிறது. இதில் கேட்க என்ன இருக்கிறது?

எஞ்சினை மாட்டி முடித்த அன்று காலை, வீடு பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கொட்டகை முன்னால் கூடிவிட்டார்கள். கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். முதல் சுற்றில் என் தோள்பட்டை கழன்றது. அடுத்த சுற்றில் லாரி பிடித்துக்கொண்டது. தையல் மிஷின் மாதிரி ஒரே சீரான ஓட்டம். சனங்கள் கை தட்டினார்கள். நான் பாக்கியத்தைப் பார்த்தேன். பாக்கியம் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை கையில் ஒரு பானையோடு நின்றார். தலையைக் கொஞ்சம் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டார்.

"நிறுத்து தம்பி."

நிறுத்தினேன்.

"இது யாரு லாரி?"

"நம்ம லாரிதான் அத்தை! எஞ்சின்தான் வேற. பழசு வீணாப் போச்சி. அத அங்கயே போட்டுட்டு, நல்லதா ஒண்ணு மாத்திக்கிட்டு வந்துட்டேன்." பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.

"போட்டுட்டியா," என்றார் அத்தை. பானையைக் கீழே வைத்தார். "அங்கயே போட்டுட்டு வந்துட்டியா."

பிரித்துப்போட்ட பலகைகள் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். பாக்கியம்தான் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்.

"அண்ணன் லாரி வளைவுல திரும்பறப்பவே டொக்கு டொக்குனு ஒரு சத்தம் கேக்கும். அது கேட்டாதான் அம்மா ஒலைய வைக்கும். அந்தச் சத்தத்த இன்னொரு தடவ கேக்கலாம்னு இருந்துச்சி. லாரிய வச்சி அம்மா என்ன பண்ணப்போவுது? ஓட்டவா தெரியும்?"

மறுநாள் பஸ்ஸில் நானும் அத்தையும் சுங்கை பட்டாணி போனோம். பட்டறைக்குள் நுழைந்ததுமே தவுக்கேவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஐயா, சூடா பெச்சா லா," என்றார். உடைத்தாயிற்று. இரும்பு உருக்குகிறவர்கள் சம்மட்டியால் உடைத்து ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சாக்கடை ஓரத்தில் ஒரே ஒரு துண்டு விழுந்து கிடந்தது. சிலிண்டரின் பாதி வளைவு.

"இதுதானா? நல்லா பாத்துச் சொல்லு," என்றார் அத்தை.

இதேதான். சந்தேகமே இல்லை. கழற்றும்போது நான் முறித்துவைத்த போல்ட் அதிலேயே மாட்டிக்கொண்டு நின்றது. என் கைவேலையை எனக்கு அடையாளம் தெரியாதா?

அத்தை அந்த வளைவுக்குள் கையை வைத்துத் தடவினார். உள்ளங்கை முழுக்கத் துரு. அதைத் துடைக்காமல் கையை மூடிக்கொண்டார். தவுக்கே தானே ஒரு சாக்கு கொண்டுவந்து துண்டைப் போட்டுக் கொடுத்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் சோதனை. அதே மீசைக்கார மாத்தா. என்னைப் பார்த்ததும், "கிரிஸ் லாகி?" (மறுபடியும் கிரீஸா?) என்று இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாக்கைப் பிரித்தார்.

"அப்பா இனி?" இது என்ன?

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் சொன்னார்: "அனா புஞா." மகனுடையது.

"அனா மானா?" மகன் எங்கே?

"சயாம்."

கெடாவில் அந்த ஒரு சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. அந்த மீசைக்காரர் வீட்டிலிருந்தும் யாராவது போயிருக்கலாம். மாத்தா துண்டை மெதுவாகச் சாக்குக்குள் வைத்து, வாயைத் தானே கட்டி, பஸ்ஸுக்குள் ஏறிவந்து அத்தையின் காலடியில் வைத்துவிட்டு இறங்கினார். மற்றவர்களை அன்று சோதிக்கவில்லை.

வேலிக்குள் போகிற நாளில் லாரியை நான்தான் ஓட்டினேன். பாக்கியமும் சட்டி பானைகளும் பின்னால். அத்தை ஏற மறுத்துவிட்டார். சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு, லாரி கிளப்பிய புழுதியில் பின்னாலேயே நடந்து வந்தார். நான் எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் அவர் அதைவிட மெதுவாக நடந்தார். நான் நிறுத்தினால் அவரும் நின்றார். ஒரு மனிதன் அழுதுகொண்டே கியர் மாற்றலாம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வாசலில் பெயர் பதிகிற கிராணி, "லாரி யாருது?" என்று கேட்டார்.

அத்தை சாக்கை இறக்கிவைத்துவிட்டு லாரியை ஒருமுறை பார்த்தார். கோபமே இல்லாமல், இருந்ததை இருந்தபடி சொன்னார்:

"நல்ல லாரிதான். யாருதுன்னுதான் தெரியல."

கிராணி குழம்பிப்போய் என் பெயரை எழுதிக்கொண்டார். அத்தை மறுப்புச் சொல்லவில்லை. அதுதான் நமக்கு நிச்சயதார்த்தம் என்பாள் பாக்கியம்.

கல்யாணம் நடந்தது. அந்த லாரியில்தான் மீன் ஏற்றிப் பிள்ளைகளை வளர்த்தோம். அத்தை கடைசிவரை அதில் ஏறவில்லை. வளைவில் அது திரும்பும் சத்தம் கேட்டுத் தலை நிமிர்த்தவும் இல்லை. அவர் இறந்தபோது இரும்புத் துண்டைப் பாக்கியம் சவப்பெட்டிக்குள் வைத்தாள். விவரம் தெரியாமல் தூக்கியவர்கள், காலமெல்லாம் கருவாட்டுக் கூடை சுமந்த உடம்பு, அதுதான் இரும்பாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

நிஜமாகவே நான் ஃபிட்டரான பிறகு ஒன்று புரிந்தது. அந்த 'டொக்கு டொக்கு' தேய்ந்துபோன பேரிங்கின் சத்தம். எந்தப் பட்டறையும் முதலில் அதைத்தான் சரி செய்யும். அதே எஞ்சினைக் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தாலும் அந்தச் சத்தம் வந்திருக்காது. அத்தை உயிரோடிருந்தபோது இதைப் பாக்கியத்திடம் சொன்னேன். "அத அம்மாகிட்ட சொல்லிடாதீங்க," என்றாள். "உங்கமேல குத்தம்னு நெனச்சிக்கிட்டாவது இருக்கட்டும்." நான் சொல்லவில்லை.

அத்தை சொன்ன வார்த்தை மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. புது டிவி வந்தாலும் சரி, எனக்குப் பல் செட் கட்டினாலும் சரி, மூத்தவள் மாப்பிள்ளையோடு வந்து நின்றாலும் சரி, யாராவது ஒருவர் தலையைச் சாய்த்து, "நல்லதுதான். யாருதுன்னுதான் தெரியல," என்பார்கள். வீடே சிரிக்கும். பாக்கியம்தான் கடைசியாகச் சிரிப்பை நிறுத்துவாள்.

போன வருடத்திலிருந்து பாக்கியத்துக்கு ஞாபகம் தடுமாறுகிறது. மருமகளை மாமி என்கிறாள், காலையை மாலை என்கிறாள். தீபாவளிக்குப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தபோது அவளுக்கு நான் இட்லி பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தேன். என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பேத்தியிடம் திரும்பிச் சொன்னாள்:

"நல்ல மனுசனாதான் இருக்காரு. யாருன்னுதான் தெரியல."

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அவளும் சிரிக்கிறாளா என்று பார்த்தேன். அவள் அடுத்த வாய்க்காக வாயைத் திறந்துகொண்டிருந்தாள்.