மகளைத் திருத்தப் போட்ட படம்

பேசாலை,
சனிக்கிழமை

அன்பின் மருமகன் றெனால்டுக்கு,

வெற்றி அன்னையின் துணையால் நானும் மாமியும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். சென்னையில் உமக்கு வேளைக்குச் சாப்பாடும் மாறாத தொழிலும் கிடைக்க மன்றாடுகிறேன்.

நீர் வசனம் எழுதிய படத்தைப் பார்த்தேன். குடும்பம், அடக்கம், பெரியவர் சொல் என்பவற்றைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல இந்தக் காலத்திலும் ஒரு பிள்ளை இருக்கிறான், அதுவும் என் தங்கச்சி மகன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. உரிமை என்று கொடி பிடித்த மகள் கடைசியில் வேலையை விட்டுவிட்டுத் தகப்பனுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறாளே, அங்கே எழுந்து நின்று கைதட்டினேன். உம்முடைய மச்சாள் டினோஜா மீனவர் சங்கத் தலைமைக்குப் போட்டியிடுவது தெரியும்தானே. எதிராக நிற்பவர் என் சிநேகிதர், பல படகுக்குச் சொந்தக்காரரான எட்வேட் சம்மாட்டியார். வாயால் சொல்லிக் கேளாத என் மகள் படத்தைப் பார்த்தாவது திருந்தட்டும் என்று பங்குக் கோயில் மண்டபத்தில் திரை கட்டி ஊரையே கூப்பிட்டேன்.

சனம் நன்றாகச் சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகுதான் கவனித்தேன், மகளை மட்டம் தட்டுகிற இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. தகப்பன் வாய் திறந்தால்தான் மண்டபம் குலுங்குகிறது. "பெண்ணுக்கு மேடை எதற்கு?" என்று அவர் முழங்க, பின்னால் இருந்த ஒருத்தி, "அச்சொட்டா எங்கட அம்புறோஸ் அண்ணைதான்" என்றாள். மாமி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்து, "உங்களைப் பாத்துத்தான் மருமகன் எழுதியிருக்கிறார், நடைகூட உங்கட நடை" என்றாள். எட்வேட் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "மகளுக்கு இதைவிட நல்ல பிரசாரம் ஒருத்தரும் செய்யேலாது, அம்புறோஸ். நான் போறன்."

படம் முடிய டினோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "அப்பா, நீங்கள் எனக்கு எதிர் எண்டெல்லோ நினைச்சிருந்தனான். உங்களையே பகிடி பண்ணுற படத்தை எனக்காக ஊருக்குப் போட்டுக் காட்டினீங்கள்" என்றாள். கலியாணத்தன்றுகூட அவள் என் கையை அப்படிப் பிடித்ததில்லை. "ஓம் பிள்ளை" என்றேன்.

ஆனால் படத்தில் குற்றமில்லை, மருமகன். சனத்துக்குத்தான் எங்கே சிரிப்பது என்று தெரியவில்லை. அடுத்த படத்தில் தகப்பனின் நியாயத்தை இன்னும் விளக்கமாக எழுதும். நான் கொள்கையில் அசையமாட்டேன்; நாளைக்கு என் வாக்கு எட்வேட்டுக்குத்தான்.

அன்னை உம்மையும் உம்முடைய பேனையையும் காப்பாளாக.

அன்பு மாமா,
அம்புறோஸ்

பி.கு: தபாலில் சேர்க்கப் பிந்திவிட்டது. கை உயர்த்தித்தான் வாக்கெடுத்தார்கள். டினோஜாவின் பெயரை வாசித்ததும் என் கை தன்பாட்டில் எழும்பிவிட்டது. அவள் வென்றுவிட்டாள். எண்ணி முடிந்த பிறகும் கையை இறக்காமல் நின்றது நான் ஒருவன்தானாம்.