யாகப்பனுக்கு ஒடம்பு சரியில்ல

சனிக்கிழம காலையில யாகப்பன் ஒரு முடிவோட கண்ண முழிச்சான். மாமியா நெலத்துல மல்லாட்ட, அதான் வேர்க்கடல, புடுங்கப் போவக் கூடாது. செத்தாலும் கூடாது. மூணு மணிக்குத் தொண்டூர்ல சடுகுடு. செஞ்சி கட்சிக்கு அவன்தான் மொத ஆளு. காலையெல்லாம் குனிஞ்சி செடி புடுங்கினவன் மத்தியானம் நிமுந்து சடுகுடுன்னு பாடிப் போவ முடியுமா?

பாயில படுத்துக்கினே கொரல எறக்கினான்.

“சவரி… ஒடம்பு சரியில்ல.”

ரெண்டு நாளா யோசிச்சிப் பொறுக்கி எடுத்த வார்த்த அது. ஜுரம்னா தொட்டுப் பாப்பா. பேதின்னா எண்ணிப் பாப்பா. ஒடம்பு சரியில்லன்னா எங்கன்னு தேடுவா?

பொண்டாட்டி சவரியம்மா அருவாமனைய வுட்டு எழுந்து வந்தா.

“எங்க மாமா சரியில்ல?”

“ஒடம்பு முழுக்க.”

“முழுக்கவா? அய்யோ மாதாவே! இரு, கோயிலுக்கு ஓடி சாமியாரக் கூட்டியாறேன். அவஸ்தை பூசிடட்டும்.”

அவஸ்தைன்னா சாவப் போறவனுக்குப் பூசற எண்ண. அதப் பூசிக்கினு அன்னிக்கே சடுகுடு ஆடினா சாமியாரு தோல உரிச்சிடுவாரு. யாகப்பன் சடக்குனு எழுந்து உக்காந்தான்.

“முழுக்கன்னா… முழுக்க இல்லடி. இடுப்பு மட்டும். குனிய முடியல.”

“கண்ணு?”

“உன் மூஞ்சியே தெரியுதே.”

“கை?”

“கைக்கு இன்னா? கல்லு மாதிரி இருக்குது.”

“உக்கார முடியுதில்ல?”

“உக்காந்துதான இருக்கேன்!”

“மாதா புண்ணியம்”னு சொல்லிட்டு அவ நெலத்துக்குக் கெளம்பிட்டா.

அவ தல மறஞ்சுது. யாகப்பனுக்கு இருப்பு கொள்ளல. செவுத்துலேருந்து கதவுக்கு நடந்தான், கதவுலேருந்து செவுத்துக்கு நடந்தான். மூச்சப் புடிச்சி கோழி மேல பாடிப் போனான். கோழி எரவாணத்துல ஏறிக்கிச்சி. ராஜகிரி மலைக்கு மேல சூரியன் நகரவே மாட்டேன்னுது.

ரெண்டு மணிக்கு சைக்கிள் மணி அடிச்சுது. கூட்டாளி ராஜாராம் வந்துட்டான்னு கதவத் தெறந்தான். ராஜாராமும் நின்னான். அவனுக்கு முன்னாடி மாட்டு வண்டி நின்னுது. வாசல் மறைக்கிற ஒசரத்துக்குப் பச்ச மல்லாட்டச் செடி. மேல சவரியம்மா.

“இன்னாடி இது?”

“புடுங்கின செடி மாமா. வேருலேருந்து காயப் பறிச்சி ஆயணும். குனியற வேலையே இல்ல, உக்காந்துக்கினே ஆயலாம். உன் கை கல்லு மாதிரி இருக்குதுன்னு அம்மாகிட்ட சொன்னேன். ஆய வந்த பொம்பளைங்கள அம்மா திருப்பி அனுப்பிடுச்சி.”

“யாகப்பா, நேரமாவுதுடா! ஏறு!”ன்னான் ராஜாராம்.

யாகப்பன் வாசப்படியிலயே மூணு வாட்டி குனிஞ்சி நிமுந்தான். “பாருடி! நல்லாயிடுச்சி! சுத்தமா நல்லாயிடுச்சி!”

சவரியம்மா வானத்தப் பாத்துக் கும்பிட்டா. “சர்வேசுரனுக்குத் தோத்திரம்! அப்ப வா மாமா, குனிஞ்சி புடுங்கறதுக்கு இன்னும் அர காணி கெடக்குது.”

சைக்கிள் மணிச் சத்தம் தெருமொனை தாண்டிப் போச்சு. யாகப்பன் மெதுவா உக்காந்து, மொத செடிய மடியில இழுத்துப் போட்டுக்கினான்.

“இல்ல சவரி… இடுப்பு இன்னும் கொஞ்சம் வலிக்குது.”