மேடையிலிருந்து இறங்கிப் போன கிருமி

நாங்கள் படித்த காலத்தில் ஓசூரில் வாய்விட்டுத் தும்மிய எவரும் கிருமியிடமிருந்து தப்பியதில்லை. தும்மல் என்றில்லை, இருமல், சொறிதல், நகம் கடித்தல் எதுவானாலும் சரி, எங்கிருந்தோ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்துவிட்டால் எதிராளிக்கு அரை மணி நேர உயிரியல் வகுப்பு நிச்சயம்.

கிருமி என்பது நாங்கள் வைத்த பெயர். பெற்றோர் வைத்த பெயர் இன்னும் அழகானதுதான். ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். அஞ்செட்டி மலைப்பக்கம் நாட்றாம்பாளையத்தில் கேழ்வரகு விதைக்கிற குடும்பம். நுண்ணுயிரியல் படிக்க வந்து, விடுதியில் என் எதிர்க் கட்டிலில் குடியேறினாள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தண்ணீர்பட்ட பாடு. அதனால் மூன்று மொழிக்காரர்களுக்கும் நிம்மதி இல்லை.

வந்த புதிதில் ஒருநாள் மெஸ்ஸில் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்த ஒருத்தியிடம், "நீ சாப்புடறது உசுரோட இருக்குது, தெரியுமா?" என்று கேட்டாள். அதெல்லாம் வயிற்றுக்கு நல்லது செய்கிற பாக்டீரியா என்று அடுத்து சொல்ல வந்தாளாம். அதற்குள் மேஜையே காலி. பிறகு பல நாள் தயிர் சீந்துவாரின்றிக் கிடக்க, சமையல்கார அக்கா தினமும் மோர்க்குழம்பாக வைத்துத் தள்ளினார். வார்டன் கிருமியைக் கூப்பிட்டு, சாப்பாட்டு நேரத்தில் இனி அறிவியல் கூடாது என்று தடை போட்டார். கிருமி மறுபேச்சுப் பேசவில்லை. தட்டை ஏந்தி வரிசையில் நிற்கும்போதே பேசி முடித்துவிட ஆரம்பித்தாள்.

கெலமங்கலம் பஸ்ஸில் நடந்தது இன்னும் மோசம். ஷிப்ட் முடிந்து வந்த ஒருவர், காய்ச்சல் விட்டுவிட்டது என்று மிச்சமிருந்த மாத்திரைகளை ஜன்னல் வழியாக எறிந்தார். கிருமி போய்ப் பக்கத்தில் நின்றாள். டாக்டர் சொன்ன வரைக்கும் சாப்பிடாமல் நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஆரம்பித்தாள். அவர் தனக்குத் தமிழ் வராது, தெலுங்குதான் என்றார். இவள் தெலுங்குக்கு மாறினாள். அவர் யோசித்து, உண்மையில் தனக்குக் கன்னடம்தான் நன்றாக வரும் என்றார். இவள் கன்னடத்தில் முதலிலிருந்து தொடங்கினாள். மனிதர் பாதி வழியில், ஒரு வீடுகூடக் கண்ணில் படாத இடத்தில் இறங்கிக்கொண்டார். "பாவம்டி, முடிவக் கேக்காமயே போயிட்டாரு" என்று கிருமி வழியெல்லாம் வருத்தப்பட்டாள்.

இந்த நிலைமையில்தான் அந்தப் போட்டி வந்தது. உயிர் அறிவியலில் ஏதாவது ஒரு விஷயத்தைப் பொதுமக்களுக்குப் புரிகிற மாதிரி மாணவர்கள் ஆறு நிமிடத்தில் சொல்ல வேண்டும். படம், திரை எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம். துறைத்தலைவர் அறிவிப்பை வாசித்துவிட்டு வகுப்பைப் பார்த்தார். வகுப்பு மொத்தமும் கிருமியைப் பார்த்தது. ஜெயிப்பவருக்குப் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கோடை விடுமுறை முழுக்கப் பயிற்சி. அன்று சாயங்காலமே கிருமி கடைத்தெருவுக்குப் போய் ஒரு சூட்கேஸ் வாங்கிவந்துவிட்டாள்.

நாய்க்கடி பற்றித்தான் பேசுவேன் என்றாள். துறைத்தலைவருக்கு மனசே ஆகவில்லை. மற்ற கல்லூரிகள் ஜீன், செல் என்று பெரிய பெரிய விஷயமாகக் கொண்டுவரும்போது நாம் தெருநாயோடு போய் நிற்பதா என்று நயமாகச் சொல்லிப் பார்த்தார். கிருமி அசையவில்லை. மெஸ் அக்கா, துணி தேய்க்கிறவர், கன்னடக்காரரான வாட்ச்மேன் என்று ஒவ்வொருவரையும் நிறுத்திவைத்துப் பேசிக்காட்டினாள். அவர்களுக்குப் புரியாத சொல் எதுவோ, அது அன்றைக்கே பேச்சிலிருந்து நீங்கியது. வாட்ச்மேன் தன் ஷிப்டை மாற்றித் தரும்படி நிர்வாகத்திடம் மனுக் கொடுத்ததாகக் கேள்வி.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாடகை நாற்காலிகளில் கம்பெனி ஆட்கள், அவர்கள் குடும்பங்கள், வெயிலுக்கு ஒதுங்க வந்தவர்கள் என்று நல்ல கூட்டம். மேடை ஓரத்தில் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிக் காத்துக்கொண்டு மைக்செட்காரர். மத்தூரைச் சேர்ந்தவர், கதவை அடைக்கிற உடம்பு.

கிருமி ஏறினாள். முதல் வாக்கியத்திலேயே மண்டபம் அடங்கிவிட்டது.

"நாய் கடிச்சா அந்த வைரஸ் நேரா மூளைக்கு ஓடறதில்லைங்க. நரம்பு வழியா டவுன் பஸ்ஸு மாதிரி நின்னு நின்னுதான் போவுது. நாம செய்ய வேண்டியது, புண்ண சோப்பு போட்டு ஓடற தண்ணியில நல்லாக் கழுவிட்டு, ஆட்டோ புடிச்சுப் போயி ஊசி போட்டுக்கணும். பஸ்ஸுக்கு முன்னால நம்ம ஆட்டோ போயிட்டா, நாம பொழச்சோம்."

கூட்டம் சிரித்தது. நடுவர்களும் சிரித்தார்கள். துறைத்தலைவர் என் பக்கம் திரும்பித் தலையாட்டினார். அப்போதுதான் மைக்செட்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்து, குட்டி நாயின் பல் லேசாகப் பட்டிருந்தால்கூட இதெல்லாம் வேண்டுமா என்று கேட்டார். அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. கிருமி மட்டும் சிரிக்கவில்லை.

எப்போது பட்டது என்று கேட்டாள். முந்தாநாள் என்றார். ரத்தம் வந்ததா? கொஞ்சம் வந்தது, சுண்ணாம்பு வைத்தேன் என்றார். நாய் எங்கே? அதன்பிறகு கண்ணில் படவில்லை என்றார்.

கிருமி மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

"அம்மா, உனக்கு நேரம் ஓடுது" என்றார் நடுவர்களில் ஒருவர்.

"அவருக்கும் ஓடுதுங்க சார்" என்றாள் கிருமி.

மைக்செட்காரர் எழுந்திருக்க மறுத்தார். செட்டை யார் பார்ப்பது என்றார், சாயங்காலம் போய்க்கொள்கிறேன் என்றார், கடைசியில் தனக்கு ஊசி என்றால் பயம் என்பதையும் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார். கிருமி என் கையைப் பிடித்து இழுத்து ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்காரவைத்தாள். அவரை வெளியே கூட்டிப்போய்க் குழாயடியில் புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, ஆட்டோவில் ஏற்றினாள். அடுத்துப் பேசியவர் குடல் பாக்டீரியா பற்றிச் சொன்னதாக நினைவு. நான் எதையோ திருகியதில் மைக் ஊளையிட்டுக்கொண்டே இருந்தது.

அவர்கள் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது விழா முடிந்து, பையன்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேடையை விட்டு இறங்கினால் போட்டியிலிருந்து விலகியதாக அர்த்தம் என்பது விதி. பெங்களூர் வேறு யாருக்கோ போய்விட்டது. கிருமி நேராக, நேரம் ஓடுது என்ற அந்த நடுவரிடம் நடந்தாள். சண்டை போடப் போகிறாள் என்று நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

"எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் பாக்கி இருக்குதுங்க சார். பேசிட்டுப் போயிடறன்."

நடுவர் அவளைப் பார்த்தார். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அடுக்கியதிலிருந்து ஒரு நாற்காலியை உருவிப் போட்டு உட்கார்ந்தார். மைக்செட்காரர், நான் கழற்றிச் சுருட்டியிருந்த ஒயரை மறுபடி மாட்டினார். ஊசி போட்டதே தெரியவில்லை, இந்தப் பொண்ணு பேசிக்கொண்டே இருந்தது என்று என்னிடம் குனிந்து சொன்னார். அடுத்தடுத்த ஊசிகளுக்கான தேதிகளை அவர் வாயாலேயே திரும்பத் திரும்பச் சொல்லவைத்துத்தான் விட்டாளாம்.

மிச்சப் பேச்சை நாற்காலிப் பையன்கள், சமையல்கட்டுப் பெண்கள், நாங்கள் எல்லோரும் நின்று கேட்டோம். முடிவு மட்டும் அவள் எங்களிடம் பேசிக்காட்டியபோது இல்லாதது.

"எங்க மாமாவுக்கு இதே மாதிரிதான், சின்னக் கடி. ஆஸ்பத்திரி ரொம்ப தூரம், பஸ்ஸு எப்பவோ ஒண்ணு. ஆனா தெரிஞ்சிருந்தா போயிருப்பாருங்க. போவணும்னு அவருக்கு யாரும் சொல்லல. அவ்ளோதாங்க."

நடுவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், கொஞ்ச தூரத்திலேயே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். முன் சீட்டில் ஒருவர் இருமிக்கொண்டே வந்தார், அதற்கும் விழிக்கவில்லை. அத்தனை அமைதியாக நாங்கள் சேர்ந்து போனதே இல்லை. எனக்கு அது பிடிக்கவும் இல்லை. விடுதி நிறுத்தம் வந்தது. கண்டக்டர் குரல் கொடுத்தார். அவளை எழுப்ப மனசு வராமல், இன்னும் கொஞ்ச தூரம் போகிறோம் என்று இரண்டு டிக்கெட் கேட்டேன்.