முனியாண்டியை அளந்த ஸ்காலர்ஷிப் அக்கா

மலேசியாவின் கெடா மாநிலத்திலேயே முனியாண்டி சாமியைப் பார்த்து, "ஐயா, கொஞ்சம் ஆடாம நில்லுங்க" என்று சொல்லத் துணிந்த ஒரே ஆள் ஸ்காலர்ஷிப் அக்காதான். அவர் எங்கள் கோயிலை இடிக்க வந்தவர் என்று நம்பிய ஒரே ஆள் நான்.

பாடாங் செராய்க்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் செம்பனை எஸ்டேட்டை வீடு கட்டுகிறவர்கள் வாங்கிவிட்டதாகப் பேச்சு அடிபட்ட நேரம். கோயில் எங்களுடையது, அது நிற்கும் மண் எஸ்டேட்டுடையது. நானோ கோயில் செயலாளர். அளவு நாடாவைக் கண்டாலே இடிக்க அளக்கிறார்கள் என்று தோன்றியது. தையல்கடைப் பக்கம் போவதைக்கூட நிறுத்தியிருந்தேன்.

அப்போதுதான் கப்சாய் என்னும் சின்ன மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார் அந்தப் பெண். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே சூலத்துக்கும் முனியாண்டிக்கும் நடுவே நாடாவைப் பிடித்தார்.

பழைய கோயில் என்றால் இடிக்கத் தயங்குவார்கள் என்று எண்ணி, வாய்க்கு வந்ததை எடுத்துவிட்டேன். "ஆயிரம் வருசத்துக் கோயில்மா! கடாரத்த ஜெயிச்ச கையோட சோழ ராஜா நேரா இங்க வந்துதான் முனியாண்டிக்குச் சுருட்டு வச்சாரு."

பீடத்தைத் தட்டிப் பார்த்தார். "அப்படியாண்ணே? ராஜாவுக்கு சிமெண்டு யாரு குடுத்தா?"

வீட்டுக்கு ஓடினேன். மனைவி அசரவில்லை. "இடிக்கிறவன் பெரிய காடியில வருவான்லா. கப்சாய்ல வந்த பொண்ணுக்கு நீங்க ஏன் வேர்த்து ஊத்துறீங்க? போய்த் தண்ணி குடுங்க."

தண்ணீர் கொடுத்தபோதுதான் விவரம் தெரிந்தது. திகாம் பத்து என்ற ஊர்க்காரர். முதுகலைப் பட்டத்துக்காக எஸ்டேட் கோயில்களின் வரலாற்றை ஆராய்கிறார். அதற்கு உபகாரச் சம்பளம் வேறு!

"முனியாண்டிய அளக்குறதுக்கா காசு தர்றாங்க?"

"ஆமாண்ணே. முன்னாடி ஃபேக்டரில நைட் ஷிஃப்ட்டு. பகல்ல ஆராய்ச்சிக்குப் போனா சாமி முன்னாடியே தூங்கிருவேன். இப்பதான் முழிச்சிக்கிட்டுப் படிக்கிறேன்."

"சரி, ஹெல்மெட்டு எதுக்கு?"

"செம்பனைக் குலை தலையில விழுந்துட்டா, ஸ்காலர்ஷிப்ப வேற ஆளுக்குக் குடுத்துருவாங்கண்ணே."

அந்தக் காசை அவர் சாமிப் பிரசாதம்போல நடத்தினார். "பெட்ரோலு ஸ்காலர்ஷிப்பு. தே தாரிக் என் காசு" என்று டீக்கடைக்காரரிடமே அறிவிப்பார். பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் டவுனுக்கு ஏற்றிப் போகச் சொன்னேன். "ஆராய்ச்சிப் பெட்ரோலுண்ணே. ஏறுங்க, வழியெல்லாம் பழைய கதை சொல்லணும்." டவுன் வருவதற்குள் என் குடும்ப மானம் முழுக்கப் பதிவாகிவிட்டது.

இருந்தும், நாடா சடக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளும் போதெல்லாம் என் உயிரும் கூடவே போய்வந்தது.

கடைசியில் பயந்ததே நடந்தது. எஸ்டேட்டை வாங்கியவர்கள் கோயிலை எடுக்கச் சொல்லிவிட்டு, சாலையோரம் வேறு நிலம் கொடுத்தார்கள். சாமிகளை அங்கே இறக்கி வைத்த பிறகு யாருக்கும் கை ஓடவில்லை. சூலம் எவ்வளவு தள்ளி இருந்தது? யார் யாருக்கு வலப்பக்கம்? பூசாரியும் தலைவரும் அடித்துக்கொள்ளாத குறை. அக்காவுக்குப் போன் போட்டேன்.

மறுநாள் காலையில் கப்சாய் வந்தது. "ஐயா, கொஞ்சம் ஆடாம நில்லுங்க" என்று, பழைய அளவுக் குறிப்பைப் பார்த்தபடி நாடாவை நீட்டினார். மதியத்துக்குள் ஒவ்வொரு சாமியும் பழைய இடைவெளியில், பழைய திசை பார்த்து நின்றது.

"இந்தப் பெட்ரோலும் ஸ்காலர்ஷிப்பாமா?" என்று சீண்டினேன்.

"ஆராய்ச்சிய எழுதிக் குடுத்தாச்சு, ஸ்காலர்ஷிப்பும் முடிஞ்சிருச்சுண்ணே. மறுபடி நைட் ஷிஃப்ட்டு. அங்கேருந்து நேரா வர்றேன். இது என் காசு."

ஹெல்மெட்டைக் கழற்றினார். முனியாண்டிக்கு எதிரே, தூணில் சாய்ந்தபடி தூங்கிப்போனார்.

புதுக் கோயிலின் முதல் பூசை அன்று தாமதமாகத்தான் நடந்தது. அவராக எழுந்திருக்கும்வரை பூசாரி மணியடிக்கவில்லை.